‘போதும்’ என்று சொல்வதுதான் முதல் பயிற்சி

கேள்வி: அக்காவுக்கு வணக்கங்க. எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அடி வாங்காத மாதம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் யாராவது பின்னால் வந்து நின்றால் திக்கென்கிறது. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை. உடம்பும் கனத்துவிட்டது. கூட வேலை செய்கிறவள் சொன்னாளென்று ஜிம்மில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் ஸ்குவாட் செய்யும்போது கோச் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து “இன்னும் கீழே போங்க” என்றார். அவர் தப்பான ஆள் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு மட்டும் கைகால் மரத்துவிட்டது. அவர் பேசியது காதிலேயே விழவில்லை. பாத்ரூமுக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் ட்ரெட்மில்லில் ஓடும்போது நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்தே போய்விடுவேன் என்று தோன்றியது. அதோடு நின்றுவிட்டேன். “சும்மா பயந்துக்கிறே, மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கோ” என்கிறார் அம்மா. உடற்பயிற்சி செய்தால் மனக்காயம் ஆறும் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் போடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் அது கூடுதலாகிறது? மறுபடி போகவா, விட்டுவிடவா?

பதில்:

அம்மிணி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜிம்முக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். உடற்பயிற்சியை விடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் ஒரு வாளியும் இருந்தால் அங்கே தொடங்கிவிடலாம்.

நான் பிசியோதெரபி படித்துவிட்டு, கோவையில் பதினேழு வருஷமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். மனநல மருத்துவர் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லைக்குள் நின்று பேசுகிறேன்.

ட்ரெட்மில்லில் நெஞ்சு அடித்துக்கொண்டதை ‘எல்லாம் மனசுதான்’ என்று நீங்களும் முடிவுகட்ட வேண்டாம், நானும் முடிவுகட்டக் கூடாது. ஒரு டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தம், ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தாலும் படபடக்கும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும். நாள் முழுக்க நின்று பீஸ் பார்த்துவிட்டு, ஷிப்மென்ட் அவசரத்தில் மதியச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிடுகிற பெண்களிடம் ரத்தசோகையை அடிக்கடி பார்க்கிறேன். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றிக் கண் இருட்டினாலோ பயிற்சி அங்கேயே நிற்க வேண்டும். இந்த வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

இனி அந்த ஸ்குவாட் நாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குத் தைத்தது ‘எனக்கு மட்டும்’ என்ற சொல். இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. ஆபத்து என்று உடம்புக்குப் பட்டால் அது மூன்று வழி வைத்திருக்கிறது: எதிர்த்து நிற்கும், ஓடும், இரண்டும் முடியாதென்றால் உறைந்துவிடும். மரத்துப்போவது, சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் ஆவது, வாய் கட்டிப்போவது எல்லாம் அந்த மூன்றாவது வழி. யோசித்து எடுக்கிற முடிவில்லை அது. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, பாதாம் பருப்பு அளவுதான். ‘இது கோச்சின் கை, ஒன்றுமில்லை’ என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள் அது மணியடித்துவிடும். ஒன்பது வருஷம் பின்னாலிருந்து வந்த கை என்னவென்று அதற்குத் தெரியும். கோச் நல்லவரா கெட்டவரா என்று அது விசாரிக்காது. நீங்கள் அன்றைக்குப் பலவீனமாக இல்லை. ஒரு காலத்தில் உங்களைக் காப்பாற்றிய பழக்கம் ஆள் தெரியாமல் வேலை செய்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, காங்கேயம் மாடு வைத்திருந்தவர். எந்த மாட்டையும் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போய்த் தொட மாட்டார். பத்தடி தூரத்திலேயே “ஏய், வர்றேன்” என்று குரல் கொடுப்பார். பக்கவாட்டில் வந்து, மாடு தன்னைப் பார்த்துவிட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் திமிலில் கை வைப்பார். முன்னால் வைத்திருந்தவன் அடித்துக் கெடுத்த மாடு என்றால் முதல் வாரம் கையே வைப்பதில்லை. தவிட்டுத் தண்ணியை வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொள்வார். உங்களை மாட்டோடு ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புச்சி மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை எங்கள் தொழிலில் பலபேர் மனுஷிக்குக் கொடுப்பதில்லை என்று சொல்ல வந்தேன்.

பலபேர் என்றேனே, அதில் நானும் இருந்தேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கேபிளை இழுக்கும்போதெல்லாம் தோளைக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டே இழுத்தார். இரண்டு தடவை வாயால் சொன்னேன், வரவில்லை. பின்னால் போய் இரு தோளையும் பிடித்துக் கீழே அழுத்திவிட்டேன். அவர் கைப்பிடியை மெதுவாக விட்டார். துண்டை நாலாக மடித்தார். “வரேனுங்க” என்றார். மணி அப்போது ஏழேகால், அவருடைய நேரம் எட்டு வரைக்கும். அப்புறம் வரவே இல்லை. சோம்பல்பட்டு நின்றுவிட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டேன், மற்றவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒரு வருஷம் கழித்துக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தபோது அவரே சொன்னார்: “உங்க மேல தப்பில்லீங்க. எங்கப்பன் குடிச்சுட்டு வந்தா அப்படித்தான் பின்னால வந்து தோளப் புடிப்பாரு.”

அன்றிலிருந்து கேட்காமல் யாரையும் தொட்டதில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அந்தக் கைப்பழக்கம் போக எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. இப்போது என்னிடம் வருகிறவர் முன்னால் நின்று, என் உடம்பிலேயே தொட்டுக் காட்டுகிறேன், “இந்த எலும்பு பின்னால் போகணும்” என்று. புரியவில்லை என்றால், “முதுகில் ரெண்டு விரல் வைக்கட்டுங்களா?” என்று கேட்கிறேன். நேற்றுச் சரி என்றவரிடமும் இன்றைக்கு மறுபடி கேட்கிறேன். சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை.

இதைத்தான் இப்போது ‘ட்ராமா இன்ஃபார்ம்டு’ பயிற்சி என்கிறார்கள். அமெரிக்க அரசின் சாம்சா என்ற அமைப்பு 2014-ல் மனக்காயம் பட்டவர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் சில நெறிகளை எழுதி வைத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, தேர்வு செய்யும் உரிமை எல்லாம் அதில் வரும். மருத்துவமனை, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் எழுதப்பட்டது, மெதுவாக ஜிம்முக்கும் வந்துகொண்டிருக்கிறது. பெயர் புதிது. விஷயம் அப்புச்சிக்குத் தெரிந்ததுதான்.

ட்ரெட்மில் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே உங்களை யாரும் தொடவில்லை. பிறகு ஏன்? ஓடும்போது இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும், வாய் உலரும். பயந்தாலும் இதேதான் நடக்கும். அடி விழப்போகிறது என்று கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் உங்கள் நெஞ்சு எப்படி அடித்ததோ, அதே அடிதான் ட்ரெட்மில் வேகம் கூடும்போதும் வந்தது. நெஞ்சு இப்படி அடித்தால் அடுத்து என்ன வரும் என்று உடம்பு படித்துவைத்திருக்கிறது. அதனால் இல்லாத ஆபத்தைத் தேட ஆரம்பிக்கிறது. தேடுவதால் இன்னும் படபடக்கிறது. ஐந்து நிமிஷத்தில் ‘செத்துப்போவேன்’ வரைக்கும் போய்விடுகிறது. மெஷினை நிறுத்தும் பொத்தானை அந்த நேரத்தில் கண் தேடாது, அதுவும் ஒரு கொடுமை.

உடற்பயிற்சி மருந்தாவதும் இதே இடத்தில்தான். நெஞ்சு கொஞ்சம் அடிக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, அடங்குகிறது. மறுநாளும் கொஞ்சம் அடிக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, அடங்குகிறது. இதைப் பலமுறை பார்த்தால்தான் உடம்பு பழைய பாடத்தை மாற்றி எழுதும். பேசிப் புரியவைக்க முடியாத பகுதி அது, பார்த்துத்தான் நம்பும். ஆனால் ‘கொஞ்சம்’ என்பது முக்கியம். உங்களை எடுத்தவுடனே நடு ஆற்றில் இறக்கிவிட்டார்கள். நாம் கரையில் கால் நனைப்பதில் தொடங்குவோம்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது உண்மைதான், நல்ல அளவுதான். உங்களுக்கு அது இப்போது தேவையில்லை, மறந்துவிடுங்கள். எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். படுக்கப் போவதற்கு முன்னால் மட்டும் மூச்சு வாங்குகிற வேலை வேண்டாம், ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கிறது.

நாற்காலியை முதுகுப்பக்கம் சுவர் இருக்கிற மாதிரிப் போடுங்கள். வாசல் கண்ணுக்குத் தெரியட்டும். கதவைச் சாத்தலாமா திறந்து வைக்கலாமா, ஃபேன் எத்தனையில் வைக்கலாம், பாட்டு வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அற்பமாகத் தோன்றும். ஒன்பது வருஷம் இதில் எது உங்கள் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள், அற்பமாகத் தோன்றாது.

முதலில் நின்றபடி இரண்டு பாதமும் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். சிமெண்ட் தரையா, டைல்ஸா, குளிர்ச்சியாக இருக்கிறதா. கண்ணை மூட வேண்டாம். ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்று பல யோகா வகுப்புகளில் சொல்வார்கள். மனக்காயம் பட்டவர்களில் சிலருக்கு அது அமைதி தராமல் பழைய காட்சிகளைத்தான் இழுத்து வரும். உங்களுக்கும் அப்படி ஆனால் உங்களுக்குத் தியானம் வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். கண்ணைத் திறந்துவைத்து, அறையில் இருக்கிற நாலு பொருளை மனசுக்குள் பெயர் சொல்லுங்கள்: காலண்டர், கொடி, மகளின் ஸ்கூல் பை, சொம்பு. மூச்சுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். அதைக் கூட்டிக்கொடுக்கிறோம், வேறொன்றுமில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். ஜிம்மில் செய்த அதே ஸ்குவாட்தான் இதுவும். பின்னால் ஆள் இல்லை, நாற்காலி இருக்கிறது. எத்தனை தடவை என்று நான் எண்ணிக்கை தர மாட்டேன். பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, பத்து என்றால் இதற்கு மேல் உயிர் போய்விடும். நாலு வந்ததும் நிறுத்துங்கள். ஸ்மார்ட் வாட்சில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டாம். அந்த எண்ணே பயமுறுத்தும். உங்கள் மூச்சு போதும்: நாலு என்றால் இன்னும் முழு வாக்கியமாகப் பேச முடியும்.

அடுத்தது சுவரில் உள்ளங்கைகளை வைத்துத் தள்ளுவது. வீடே நகர்ந்துவிடுகிற மாதிரித் தள்ளுங்கள், அஞ்சு எண்ணும்வரை. இதை எல்லோருக்கும் கொடுப்பேன். எதையும் தள்ள முடியாமல் இருந்த கைகளுக்குத் தள்ளிப் பார்க்க ஒரு இடம் வேண்டும். சிலர் தள்ளும்போது அழுதுவிடுகிறார்கள். அழுகை வந்தால் வரட்டும். நிறுத்தவேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பாதத்தைக் கவனியுங்கள்.

மூன்றாவது வாளி. காதுள்ள பிளாஸ்டிக் வாளியில் மூன்று சொம்பு தண்ணீர். உங்கள் வீட்டுச் சொம்பு ஒரு லிட்டர் பிடிக்குமென்றால் மூன்று கிலோ ஆயிற்று. காலைக் கொஞ்சம் அகட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு வளையாமல் குனிந்து, இரண்டு கையாலும் வாளியைத் தூக்கி நிமிருங்கள். அதே மாதிரி மெதுவாகக் கீழே வையுங்கள். ஜிம்மில் வெயிட் பிளேட்டை யாரோ எடுத்து மாட்டுவார்கள். “அடுத்தது போடலாம்” என்பார்கள். இங்கே சொம்பு உங்கள் கையில் இருக்கிறது. ஒரு சொம்பு ஊற்றலாம், ஒரு சொம்பு மொண்டு கீழே கொட்டலாம். மொண்டு கொட்டினால் பின்னடைவு என்று நினைக்காதீர்கள். ராத்திரி தூங்காத நாளில் இரண்டு சொம்போடு செய்கிறவருக்குத் தன் உடம்பு பேசுவது காதில் விழுகிறது என்று அர்த்தம்.

இதை ஒரு ஆளை வைத்துத்தான் எனக்கே புரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். உங்கள் கதை போன்ற கதைதான், மேற்கொண்டு அடையாளம் சொல்ல மாட்டேன். நான் சொன்னதையெல்லாம் செய்வார். பத்து என்றால் பத்து, பதினைந்து என்றால் பதினைந்து. முகத்தில் ஒன்றும் தெரியாது. நல்ல மாணவி கிடைத்தாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆறாவது வாரம் நாற்காலியில் மூன்றாவது தடவை எழுந்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இன்னைக்குப் போதுங்க்கா” என்றார். குரலே வரவில்லை. நான் “சரிங்க” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், ‘அடுத்து என்ன வரப்போகிறது’ என்கிற பார்வை. ஒன்றும் வரவில்லை. தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதுவரை ஐந்து வாரமாக அவர் செய்தது பயிற்சியே இல்லை, கீழ்ப்படிதல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் எதற்குப் பழகியிருந்தாரோ, அதையே என்னிடமும் செய்துகொண்டிருந்திருக்கிறார். நானும் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கப்புறம் எவ்வளவு வெயிட் ஏற்றினார் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, அந்த ‘போதுங்க்கா’ மறக்கவில்லை.

ஆகவே முதல் மாதம் நோட்டில் எத்தனை தடவை எழுந்தேன் என்று எழுத வேண்டாம். எத்தனை தடவை நானாக நிறுத்தினேன் என்று எழுதுங்கள்.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். புதிதாகச் செய்தால் தொடை, கை எல்லாம் வலிக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அதிகமாகத் தெரியும், மூன்றாம் நாளுக்குமேல் தணிந்துவிடும். அடிபட்ட உடம்புக்கு இந்த வலி பழைய வலியை ஞாபகப்படுத்தும். காலையில் எழும்போது ‘யாரோ அடித்தார்கள்’ என்று ஒரு நொடி தோன்றலாம். முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த நொடி கடந்துவிடும். அதனால்தான் அளவைக் குறைவாக வைக்கச் சொல்கிறேன். இதற்கு எதிர்ப்புறமும் ஒரு குழி இருக்கிறது. நாலைந்து மாதத்தில் நன்றாகப் பழகிவிட்டு, எதையும் நினைக்காமல் இருப்பதற்காகவே தினமும் இரண்டு மணி நேரம் உடம்பை வாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் விட்டால் எரிச்சல், காய்ச்சலிலும் ஓட்டம். வெளியிலிருந்து பார்த்தால் ‘என்ன ஒழுக்கம்!’ என்பார்கள். அதுவும் உறைந்துபோதல்தான், நடமாடுகிற உறைதல்.

உடற்பயிற்சி மனக்காயத்தை ஆற்றுமா என்று கேட்டீர்கள். உதவும். தனியாக ஆற்றும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பாஸ்டன் பக்கத்தில் பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. நீண்ட காலமாகத் தீராத மனக்காயம் உள்ள 64 பெண்கள், பத்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். பாதிப்பேருக்கு யோகா, மீதிப்பேருக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேரிடம் நோய் என்று சொல்லுமளவுக்கு அறிகுறிகள் இல்லை. வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 21 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் அது எந்த மாதிரி யோகா என்பதைப் பார்க்க வேண்டும். ‘கையைத் தூக்குங்கள்’ என்று சொல்லாமல், ‘விரும்பினால் தூக்கிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்’ என்று பேசிச் சொல்லித்தருகிற முறை. ஆசனம் சரியாக வந்ததா என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

இன்னொரு பக்கம் பாருங்கள், மீதி 48 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் போகவில்லை. அதனால் நீங்கள் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கத்தான் வேண்டும். நாலு வருஷமாக ராத்திரி 2 மணி முழிப்பு, பின்னால் ஆள் நின்றால் திடுக்கிடல், மரத்துப்போதல் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கென்று சிகிச்சை இருக்கிறது. மனக்காயத்தை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை, கண்களை இருபக்கமும் அசைக்கவைத்துச் செய்யும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. மருந்தும் சிலருக்குத் தேவைப்படும். திருப்பூர், கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. லீவு போட்டு வரிசையில் நிற்கத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாத்திரை ஏதாவது ஆரம்பித்தால் அதையும் பயிற்சி தருகிறவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் குறைக்கும், சிலது தூக்கக் கலக்கம் தரும். அந்த ஆள் மறுபடி வாசலில் வந்து நிற்கிற நிலை வந்தால் அதற்குப் பெண்கள் உதவி எண் 181.

அம்மாவோடு கயிறு விஷயத்தில் சண்டை போடாதீர்கள். அந்தக் காலத்தில் பயந்துபோன பிள்ளைக்கு மந்திரித்தார்கள் என்றால், ‘இவள் பயந்திருக்கிறாள்’ என்று ஊரே ஒத்துக்கொண்டது என்று பொருள். ‘சும்மா’ என்ற சொல்லைத்தான் அம்மா எடுத்துவிட வேண்டும். கயிறு கட்டிக்கொண்டே டாக்டரிடம் போகலாம், ஒன்றுக்கொன்று பகை இல்லை. கோயிலுக்கு எப்படியும் போகச் சொல்கிறாரே, படி இருக்கிற கோயிலாகப் பார்த்துப் போங்கள். சென்னிமலைக்குப் படி 1,320 என்பார்கள். எல்லாம் ஏற வேண்டியதில்லை. ஐம்பது படி ஏறி, உட்கார்ந்து, மூச்சு அடங்குவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அம்மாவையும் கூட்டிப்போனால் அவருக்கும் முட்டிவலி என்பதால் உட்காரச் சாக்குத் தேட வேண்டியதில்லை. முட்டிவலி இருக்கும் என்று நானாகத்தான் சொல்கிறேன், நம் பக்கம் அறுபது தாண்டிய எந்த அம்மாவுக்கு இல்லை?

தனியாகச் செய்து அலுத்துவிட்டால் ஜிம்தான் அடுத்த படி என்று இல்லை. உங்கள் பக்கத்தில் வள்ளி ஒயில் கும்மி சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கோவைப் பக்கம் பத்திரப்பன் ஐயா பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, 2024-ல் பத்மஸ்ரீ வாங்கினார். இன்றைக்கு ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது, பாட்டிகளும் பேத்திகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சியாளராக எனக்கு அதில் பிடித்தது இது: உங்கள் கை உங்கள் கையைத்தான் தட்டுகிறது. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது, ஆனால் தாளம் இருப்பதால் அடுத்து என்ன வரும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிகிறது. நடுவில் நின்றால் பின்னால் ஆள் இருப்பார்கள், அதனால் கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். அவளும் அந்த வீட்டில் இருந்தவள்தானே. அவளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, டாக்டரைப் பார்க்கும்போது அவளைப் பற்றியும் கேளுங்கள்.

மறுபடி ஜிம்முக்குப் போகத் தோன்றினால், அது மூன்று மாதம் கழித்தோ ஒரு வருஷம் கழித்தோ இருக்கலாம், கூட்டமில்லாத நேரத்தில் ஒருமுறை சும்மா போய்ப் பாருங்கள். கோச்சிடம் கதை முழுவதும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இந்த மூன்று வரி போதும்: “என்னைத் தொடாமச் சொல்லிக்கொடுங்க. பின்னால நிக்காம முன்னால நில்லுங்க. நான் நிறுத்தினா ஏன்னு கேக்காதீங்க.” சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கவனியுங்கள். “சரிங்க” என்றால் நல்ல இடம். “அதெல்லாம் கூச்சப்பட்டா உடம்பு குறையாதுங்க” என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பெண் பயிற்சியாளர் என்றால் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், என் கதையை மேலே படித்தீர்கள். முதல் சில மாதம் மல்லாக்கப் படுத்துச் செய்கிற பயிற்சிகளும், இன்னொருவர் காலைப் பிடித்து மடக்குகிற ஸ்ட்ரெட்ச்சிங்கும் வேண்டாம். எடை பார்ப்பதும், ‘முன்பு–பின்பு’ என்று போட்டோ எடுப்பதும் உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

கட்டின பணத்தைப் பற்றி: மீதி மாதங்களை நிறுத்திவைக்க முடியுமா என்று போனில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் போகட்டும் விடுங்கள். பணம் கட்டியாயிற்றே என்பதற்காக ஒரு இடத்தில் இருந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

நாற்காலி போடும்போது சுவரோடு நன்றாக ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அடியில் ஒரு ஈரச்சாக்கை மடித்துப் போட்டால் நகராது. மூன்று வாரம் கழித்து நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.